சீமைச் சரக்கா, செம்பியத்துச் சரக்கா?

பட்டுப் புடவைக் கடையில் நாம் என்ன செய்கிறோம்? கடைக்காரர் முந்தானையை விசிறிப் போட்டு, "கலர் எப்படி அம்மா?" என்று கேட்கும்போதே நம் கை புடவையைத் திருப்பிவிடுகிறது. உடலும் கரையும் சேருகிற இடத்தில் கோர்வை இருக்கிறதா, ஜரிகையை நகத்தால் கீறினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் நிறத்தைப் பற்றிப் பேச்சு. பழைய டிராக்டரைப் பார்ப்பதும் அதே வித்தைதான் என்று நான் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். மாடியில் நாலு தொட்டி கறிவேப்பிலை வளர்க்கிறவர்களுக்கு டிராக்டர் எதற்கு என்றும் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இது ஒரு கிழவியின் நகையைப் பற்றிய கதையும்கூட.

வடசென்னைக்காரர்களான நாங்கள் இரும்போடு குடித்தனம் நடத்துகிறவர்கள். திருவொற்றியூரில் 1955 முதல் புல்லட் மோட்டார் சைக்கிள். எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரி. பெரம்பூரில் ரயில் பெட்டி. பெரம்பூரை ஒட்டிய செம்பியத்தில் சிம்சன் கம்பெனியின் டீசல் எஞ்சின். அதன் குடும்பத்திலேயே 1960இல் பிறந்த 'டாஃபே'யின் டிராக்டர். பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளைக்கு எவ்வளவு சம்பளம் என்பதற்கு முன்னால் எந்தக் கம்பெனி என்று கேட்ட காலம் இங்கே உண்டு. என் மாமனார் ஓர் எஞ்சின் தொழிற்சாலையில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் மிக்ஸி ஓடுகிற சத்தத்தை வைத்தே, "புஷ் போயிடுச்சு, மாத்தணும்" என்று கூடத்திலிருந்தபடி சொல்லிவிடுவார்.

அவருடைய அக்காவை நாங்கள் எல்லாரும் பெரியத்தை என்று கூப்பிடுவோம். பொன்னேரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கணவர் காலமாகி வெகு காலம் ஆயிற்று. வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையில், வைக்கோலுக்கு நடுவில், ஒரு பழைய டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. 1968இல் பெரியத்தையின் எட்டு வளையலும் ஒரு காசுமாலையும் போய் அது வந்தது. அந்த நாளில் டிராக்டருக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டும். 1961-62இல் இந்தியா முழுவதிலுமே 880 டிராக்டர்கள்தாம் உற்பத்தியாயின. இன்று வருஷத்துக்கு எட்டு லட்சத்துக்கு மேல் விற்கின்றன என்றால் வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் அந்த டிராக்டருக்கு இரண்டு பேர் விலை கேட்டு வந்தார்கள். ஒருவர் பழைய இரும்புக்காரர். தராசு எடையில் விலை சொன்னார். நேர்மையான மனிதர், அவருக்கு அது இரும்பு, அவ்வளவுதான். இன்னொருவர் தரகர். வெள்ளைச் சட்டை, கையில் பெரிய போன். பழைய டிராக்டர்களைச் சேகரிக்கிற பணக்காரர்கள் இப்போது இருக்கிறார்களாம். பழைய காரைப் போலப் பழைய டிராக்டருக்கும் கிராக்கி உண்டாம். அவர் வண்டியைச் சுற்றிவந்து, "பாட்டி, இது சீமை வண்டி. 1956 மாடல், கவென்ட்ரியில் செஞ்சது. இரும்பு விலைக்குக் கொடுத்துடாதீங்க" என்றார். பெரியத்தை உடனே தம்பிக்கு போன் போட்டுவிட்டார்.

நானும் மாமனாரும் திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறினோம். கத்திவாக்கம், எண்ணூர், மீஞ்சூர் என்று ஸ்டேஷன்கள் போய்க்கொண்டிருந்தன. வழியெல்லாம் மாமனார் எனக்கு இந்த டிராக்டர் குலத்தின் வம்சாவளியைச் சொல்லிக்கொண்டு வந்தார். அதில் எனக்குப் பிடித்ததை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஹாரி ஃபெர்குஸன் என்று அயர்லாந்துக்காரர் ஒருவர். 1909ஆம் வருஷக் கடைசி நாளன்று அயர்லாந்தில் முதன்முதலாக விமானத்தில் பறந்தவர். அந்த மனிதர் வானத்தை விட்டுவிட்டு உழவுக்கு வந்தார். அவருக்கு முந்திய டிராக்டர்கள், மாடு ஏரை இழுக்கிற மாதிரியே கலப்பையைப் பின்னால் கட்டி இழுத்தன. கலப்பை ஒரு பாறையிலோ மரவேரிலோ மாட்டிக்கொண்டால் டிராக்டரின் முன் சக்கரம் மேலே எழும்பும். ஓட்டுகிறவர் மேலேயே கவிழ்ந்து உயிர்களும் போயிருக்கின்றன. ஃபெர்குஸன் கலப்பையைக் கட்டி இழுப்பதை விட்டுவிட்டு, நாம் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்கிறோமே, அதுபோல டிராக்டரின் முதுகோடு சேர்த்துவிட்டார். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை, ஆக மூன்று இடத்தில் பிடி. மண் இறுகிக் கலப்பைக்குப் பாரம் கூடினால் மேல் கை ஒரு ஸ்பிரிங்கை அழுத்தும். உடனே எண்ணெயின் அழுத்தத்தால் வேலை செய்கிற ஹைட்ராலிக் கருவி கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். இன்று உலகத்தில் எந்த டிராக்டரின் பின்னால் போய் நின்று பார்த்தாலும் அந்த மூன்று கைகள் இருக்கும். அதனால்தான் மாடலைக் கண்டுபிடிக்க அந்த மூன்று கைகள் மட்டும் போதாது. மற்ற அடையாளங்களைத் தேட வேண்டும்.

ஃபெர்குஸனின் புகழ் பெற்ற வண்டி 'டி.இ.20'. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம். நாலு முன் கியர், ஒரு பின் கியர். கிளப்புவதற்குத் தனிப் பொத்தான் கிடையாது. கியர் கம்பியையே 'எஸ்' என்று குறித்த இடத்துக்குத் தள்ளினால் எஞ்சின் கிளம்பும். அதன் தகட்டைப் படிப்பது ஜாதகம் படிப்பதுபோல. 'டி.இ.ஏ.' என்று ஆரம்பித்தால் ஸ்டாண்டர்டு கம்பெனியின் பெட்ரோல் எஞ்சின்; 'டி.இ.டி.' என்றால் மண்ணெண்ணெய் வகை எண்ணெயில் ஓடுவது, 'டி.இ.எஃப்.' என்றால் டீசல்.

1953இல் ஃபெர்குஸன், மாஸி-ஹாரிஸ் கம்பெனியோடு சேர்ந்தார். 1956இல் 'எஃப்.இ.35' வந்தது. தகரமெல்லாம் சாம்பல், எஞ்சினும் அடிவயிறும் தாமிர நிறம். பார்ப்பதற்கு வெகு அழகு என்று மாமனார் சொல்கிறார். நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அடுத்த வருஷக் கடைசியிலேயே நிறத்தை மாற்றிவிட்டார்கள். தகரம் சிவப்பு, அடிவயிறு சாம்பல். பெயர் 'மாஸி ஃபெர்குஸன் 35'. முதலில் நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின். குளிர்காலக் காலையில் அது கிளம்ப மறுத்து இங்கிலாந்து விவசாயிகளை அழவைத்ததாம். நம் பொன்னேரி வெயிலில் அந்தக் கவலை இருந்திருக்காது! 1959இல் பெர்க்கின்ஸ் கம்பெனியின் மூன்று சிலிண்டர் எஞ்சின் வந்தது. செம்பியத்தில் டிராக்டர் தொழில் ஆரம்பமானது இதற்கு அடுத்த வருஷம். ஹாரி ஃபெர்குஸன் காலமானதும் அந்த 1960ஆம் வருஷம்தான்.

இப்போது கொட்டகைக்கு வருவோம். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய துணி, மண்ணெண்ணெய், ஒரு சின்னக் கண்ணாடி, டார்ச் விளக்கு இவற்றோடு உட்கார்ந்துவிட்டார். தரகரும் வந்து நின்றார்.

முதல் விஷயம், பானெட்டை நம்பக் கூடாது என்றார் மாமனார். அது புடவையின் முந்தானை மாதிரி. எங்கள் வண்டியின் பானெட்டில் '1035' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 1035 என்பது செம்பியத்தின் பிற்காலத்து மாடல். ஒரு கார்த்திகை மாதத்து மழையில் புளிய மரக் கிளை முறிந்து விழுந்து பழைய பானெட் நசுங்க, பொன்னேரி மெக்கானிக் கிடைத்ததை மாட்டிக்கொடுத்தார் என்று பெரியத்தையே சொல்லிவிட்டார். டயரும் அப்படித்தான், தேய்ந்தால் மாற்றுகிற சாமான். விளக்கு, பாட்டரிப் பெட்டி, ஸ்டியரிங் சக்கரம் எல்லாமே அடுத்த வண்டியிலிருந்து வந்திருக்கலாம்.

பிறகு எதை நம்புவது? இந்த வகை டிராக்டருக்குக் காரைப் போலத் தனிச் சட்டம் கிடையாது. எஞ்சின், கியர்பெட்டி, பின் அச்சுப் பெட்டி ஆகிய மூன்று வார்ப்பிரும்பும் ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டுச் சேர்ந்ததுதான் முதுகெலும்பு. எனக்கு உடனே கோர்வைப் புடவை ஞாபகம் வந்தது. பெரிய பழுது பார்க்கும்போது அந்த இடத்தில்தான் வண்டியைப் பிளப்பார்கள். ஒரு வண்டியின் எஞ்சினும் இன்னொரு வண்டியின் பின் அச்சும் சேர்ந்து ஒரே டிராக்டராக ஊரைச் சுற்றுவது சர்வ சாதாரணம். ஆகையால் மூன்று துண்டும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

மாமனார் என்னிடமே கேட்டார்: "அந்த எஞ்சின் பக்கத்தில் மெல்லிசா இரும்புக் குழாய் போகுது பார், எத்தனைன்னு எண்ணு." மூன்று. டீசலை ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொண்டுபோகும் குழாய் அது. மூன்று குழாய் என்றால் மூன்று சிலிண்டர். "1956இல் மூணு சிலிண்டர் இந்த வண்டிக்கே கிடையாதே, தம்பி" என்று அவர் தரகரைப் பார்த்துச் சிரித்தார். தரகர் லேசுப்பட்டவர் இல்லை. "எஞ்சின் அப்புறம் மாத்தியிருப்பாங்க பெரியவரே. உடம்பு சீமை உடம்பு" என்றார்.

சரி, உடம்பைப் பார்ப்போம் என்று மேலே ஏறினோம். கியர் ஆறு முன்னே, இரண்டு பின்னே. உட்காருகிற இடத்துக்கு வலது பக்கம் ஹைட்ராலிக் கைப்பிடி இரண்டு. பழைய சாம்பல் வண்டிக்கு ஒன்றுதான். 35இல்தான் கலப்பையின் உயரத்துக்கு ஒன்று, இழுவைப் பாரத்துக்கு ஒன்று என்று இரண்டாயின. ஸ்டியரிங்குக்குக் கீழே 'டிராக்டர்மீட்டர்'. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் காட்டுகிற கடிகாரம். அதுவும் 35இல் வந்ததுதான். ஆக, உடம்பு 35 என்பது நிச்சயமாயிற்று.

சீட்டுக்கு அடியிலும் கருவிப் பெட்டிக்குப் பின்னாலும், பெயின்ட் அடிக்கிறவனின் பிரஷ் எட்டாத மூலைகளில், மாமனார் நாணய விளிம்பால் மெல்லச் சுரண்டினார். தாமிர நிறம் எங்கேயும் தட்டுப்படவில்லை. அடியில் சாம்பல், அதன் கீழே இரும்பு. எஞ்சினின் பக்கத்தில் அழுக்கைத் துடைத்தபோது சிம்சன் என்ற பெயர் தெரிந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய சிநேகிதரைக் கல்யாண வீட்டில் எதிர்பாராமல் பார்த்தால் ஒருவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

கடைசியாகத் தகடு. ஸ்டியரிங் தூணுக்குப் பக்கத்தில், கையகலத்துக்கும் சின்னதாக. அதன்மேல் எத்தனை பொங்கலுக்கு அடித்த பெயின்டோ! மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அரை மணி நேரம் வைத்து வைத்து எடுத்தார். சுரண்டக் கூடாது, எழுத்துப் போய்விடும் என்று என்னைத் தொடவிடவில்லை. ஒவ்வோர் எழுத்தாக வெளியே வந்தது. மெட்ராஸ் என்று இருந்தது. வண்டி எண்ணும் இருந்தது.

பெரியத்தை அதற்குள் உள்ளே போய்ப் பீரோவிலிருந்து ஒரு மஞ்சள் பை கொண்டு வந்தார். பத்திரங்கள், ரேஷன் கார்டு, இவற்றோடு பழுப்பேறிய பதிவுப் புத்தகம், அதாவது ஆர்.சி. புத்தகம். பதிவு எண் 'எம்'மில் ஆரம்பித்தது. மெட்ராஸ் ராஜ்யமாக இருந்த நாளில் நம் வண்டிகளுக்கு அந்த எழுத்துத்தான் முதலில் வரும், பிறகு 'டி' வந்தது, 'டி.என்.' என்பது 1989க்குப் பின். புத்தகத்தில் எழுதியிருந்த வண்டி எண்ணும் எஞ்சின் எண்ணும் மாமனார் துடைத்துக் கண்டுபிடித்த எண்களோடு ஒரு புள்ளி பிசகாமல் பொருந்தின. எஞ்சின் மாற்றப்படவில்லை. 1968இல் வாங்கிய அதே செம்பியத்து 35.

தரகர் இதற்கெல்லாம் அசரவில்லை. மாமனாரைத் தனியே அழைத்துப்போய் ஏதோ சொன்னார். அவர் திரும்பி வந்து அக்காவிடம் உரக்கவே சொன்னார், எல்லாருக்கும் கேட்கும்படி: "இந்தத் தகட்டை எடுத்துட்டு வேறே தகடு வைக்கலாமாம் அக்கா. இங்கிலீஷ் தகடு விலைக்குக் கிடைக்குமாம். அடிவயிறுக்குத் தாமிரப் பெயின்ட், மேலே சாம்பல். மூணு மடங்கு விலை தரேன்னு சொல்றார்."

மூன்று மடங்கு என்பது பெரியத்தைக்குச் சின்ன விஷயம் இல்லை. கண் ஆபரேஷன் ஒன்று பாக்கி. வீட்டுக் கூரையில் ஓடு மாற்ற வேண்டும். வண்டி எண்ணை மாற்றுவது சட்டப்படி குற்றம் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே கேட்டார்:

"ஏன் தம்பி, நான் வளையலைக் கழட்டிக் கொடுத்து வாங்கினது இந்த வண்டியைத்தானே? இது பிறந்த ஊர் பெரம்பூர்ப் பக்கம்னா அதுல என்ன குறைச்சல்?"

தரகர் சிரித்து மழுப்பினார். "ஊரைப் பார்த்துத்தானே பாட்டி விலை?" என்றார்.

"அப்படின்னா ஊரைச் சொல்லியே வித்துக்கறேன். நீங்க மோர் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார் பெரியத்தை. அவர் மோர் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

எனக்கு அந்தத் தரகர்மேல் கோபம்கூட வரவில்லை. சீமைச் சரக்கு என்றால் ஒரு பிடி உயர்த்தி என்று நினைக்கிற புத்தி நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. ஆனால் நடந்த கதை என்ன? கவென்ட்ரியில் 1964இல் 35ஐ நிறுத்திவிட்டு 135க்குப் போனார்கள். அந்தத் தொழிற்சாலையே 2002இல் மூடப்பட்டது. செம்பியத்தின் வம்சத்திலோ 35 என்ற எண் 1035ஆக இன்றுவரை ஓடுகிறது. எங்கள் திருவொற்றியூர்ப் புல்லட்டும் இப்படியே. இங்கிலாந்தில் ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1977இல் திருவொற்றியூரிலிருந்து இங்கிலாந்துக்கு மோட்டார் சைக்கிள் கப்பலேறியது. பிறந்த வீடு நொடித்துப்போன பிறகு புக்ககத்துப் பெண் அங்கே சீர் கொண்டுபோன மாதிரி! இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1959இல் ஃபரீதாபாத்தில் டிராக்டர் செய்ய ஆரம்பித்த ஐஷர் கம்பெனி, 1994இல் நம் புல்லட் கம்பெனியை ஏற்றுக்கொண்டது; அதே ஐஷரின் டிராக்டர் தொழிலை 2005இல் டாஃபே வாங்கிற்று. ஆக, வடசென்னையின் இரண்டு வீட்டுக்கும் ஃபரீதாபாத் சம்பந்தி.

தரகர் போன பிறகு வேறொரு வாதம் ஆரம்பித்தது. வண்டியை எந்த அளவுக்குப் புதுப்பிப்பது? மாமனார் கட்சி, எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, 1968இல் கம்பெனி வாசலைத் தாண்டியபோது எப்படி இருந்ததோ அப்படிச் சிவப்பும் சாம்பலும் அடித்துவிட வேண்டும் என்பது. 1035 பானெட்டைக் கழற்றிவிட்டுப் பழைய வட்ட முகப்புப் பானெட்டைத் தேடிப் பிடிக்கலாம். அதற்கு நானும் சம்மதம். சேற்றுழவுக்கு மாட்டிய இரும்புக் கேஜ் வீல் கொல்லையில் கிடந்தது. அதுவும் வண்டியோடு போக வேண்டியதுதான். ஆனால் மட்கார்டுக்குப் பக்கத்தில் பற்றவைத்திருந்த குடைக் கம்பியை அவர் அறுத்தெடுக்கச் சொன்னபோது நான் ஒப்பவில்லை. அது கம்பெனி கொடுத்தது இல்லை என்பது உண்மை. சித்திரை வெயிலில் கணவர் தலை காய்கிறதே என்று பெரியத்தை சொல்லி, ஊர்க் கொல்லர் வைத்துக்கொடுத்தது. இடது மட்கார்டில் ஒரு பள்ளம். பிள்ளைகள் மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்கு அதில் உட்கார்ந்து போய்ப் போய் ஏற்பட்டது. வலது மட்கார்டில் கணவர் கையாலே வெள்ளைப் பெயின்டில் எழுதிய பெயர். எழுத்துக் கோணல்தான். ஆனால் பெரியத்தையின் பெயர்.

"கம்பெனியில இப்படி இருக்காதும்மா" என்றார் மாமனார்.

"கம்பெனியில ஒரு நாள் இருந்தது மாமா. இங்கே ஐம்பது வருஷத்துக்கு மேல இருக்குதே" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, எது செம்பியத்தில் வந்தது, எது பிறகு வந்தது என்று இரண்டு பத்தி போட்டு எழுத ஆரம்பித்தார். பெரியத்தை திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினார். சீட்டு ஒரிஜினல். கருவிப் பெட்டி ஒரிஜினல், மூடி இல்லை. டைனமோ பிறகு வந்தது. முன் விளக்கு ஒன்று ஒரிஜினல், ஒன்று பொன்னேரிச் சந்தை. குடைக் கம்பி, ஊர்க் கொல்லர், மூத்த பிள்ளை மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம். உங்கள் ஊரில், உங்கள் அண்ணன் தம்பி வீட்டுக் கொட்டகையில் இப்படி ஏதாவது நின்றுகொண்டிருந்தால், விற்பதற்கு முன்னால் வீட்டுக் கிழவியைப் பக்கத்தில் உட்கார வைத்து இந்த மாதிரி ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் கிடைக்காத விவரமெல்லாம் அவர்களிடம் இருக்கும்.

இப்போது கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் விலை பேசியிருக்கிறார். தகட்டின் படம், எஞ்சின் எண்ணின் படம், ஆர்.சி. புத்தகம், நோட்டுப் பட்டியல் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். செம்பியத்து வண்டிதானே என்று தெரிந்தேதான் கேட்கிறார். தரகர் சொன்ன மூன்று மடங்கு இல்லை. பழைய இரும்பு விலையும் இல்லை. கண் ஆபரேஷனுக்குத் தாராளமாகப் போதும். பெரியத்தை இன்னும் சரி என்று சொல்லவில்லை. வலது மட்கார்டில் பெயின்ட் அடிக்க மாட்டேன் என்று அவர் எழுதிக்கொடுக்க வேண்டுமாம். அவர் பொங்கல் கழிந்து நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஒரு பாட்டரி வாங்கிப் போட்டுக் கிளப்பிப் பார்த்துவிட வேண்டும் என்று மாமனார் ஞாயிற்றுக்கிழமைதோறும் ரயிலேறிப் போய்க்கொண்டிருக்கிறார்.